தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி

தடுப்பூசியும் தயக்கமும் – தொடர்: 9

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. தமிழ்நாட்டில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. தெருநாயைச் சீண்டும் பிள்ளைகளை மிரட்டப் பெரியவர்கள் கையில் இருந்த ஆயுதமே அதுதான். நாய்க்குப் பயப்படாத பிள்ளைகூட அந்த ஊசிக்குப் பயந்தது. கடிபட்டதை வீட்டில் சொல்லாமல் மறைத்தவர்கள் உண்டு. காயத்தில் சுண்ணாம்பைத் தடவி, மிளகாய்த்தூளை வைத்துக் கட்டி, மந்திரித்து, பத்தியம் இருந்து சமாளித்தவர்களும் உண்டு. வெறிநோயின் அறிகுறி ஒருமுறை தலைகாட்டிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதால், சிலருக்கு அந்த மறைப்பே எமனாகவும் ஆனது.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த தயக்கங்களில் பல வதந்தியில் முளைத்தவை. இது அந்த வகையில் சேராது. பதினாலு ஊசி உண்மை, வலி உண்மை, போட்டுக்கொண்ட சிலர் கை கால் விழுந்து படுத்ததும் உண்மை. அறியாமை என்று மருத்துவக் குறிப்புகள் எழுதிவைத்த பயத்தில் பாதி, பக்கத்து வீட்டில் கண்ணால் கண்டதிலிருந்து வந்தது. இந்தக் கதையில் வாய் திறக்க முடியாத இன்னொரு தரப்பும் உண்டு. அது ஆடு.

முதலில் 1885-க்குப் போவோம். அந்த ஆண்டு ஜூலை 6-ம் தேதி பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தன் மருந்தைச் செலுத்தினார். நோய் ஏற்றிய முயலின் தண்டுவடத்தை உலர்த்தி எடுத்த மருந்து அது. சிறுவன் பிழைத்தான். உலகம் கொண்டாடிய அதே ஆண்டு மார்ச் 23-ம் தேதிதான் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கட்டாய அம்மைத் தடுப்பூசியை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். உயிருள்ள விலங்கை அறுத்து ஆராய்வதை எதிர்த்த கூட்டமும் அங்கே அப்போது உச்சத்தில் இருந்தது. இரண்டு கூட்டத்திலும் பல முகங்கள் ஒன்றே. பெண்கள், தொழிலாளர்கள், சைவ உணவுக்காரர்கள், மாற்றுச் சமயம் தேடியவர்கள்.

ஏன் இப்படி ஒரு கூட்டணி? கோரல் லான்ஸ்பரி என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு விடை சொன்னார். மேசையில் கட்டப்பட்ட நாயைப் பார்த்தபோது அன்றைய பெண்களும் தொழிலாளிகளும் அதில் தங்களையே கண்டார்கள் என்பது அவர் வாதம். தர்ம ஆஸ்பத்திரியில் மாணவர்கள் சூழ நின்று பார்க்கும் உடல் யாருடையது? அவர்களுடையதுதானே. ஒரு விலங்கிடம் அனுமதி கேட்காத அறிவியல் நம்மிடம் மட்டும் கேட்கவா போகிறது என்ற ஐயம் அவர்களுக்கு இருந்தது. இந்த விளக்கம் எல்லாருக்கும் பொருந்தாது. ஆனால் தடுப்பூசித் தயக்கம் என்பது மருந்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, மருந்தைக் கொடுக்கும் கை யாருடையது என்ற கேள்வியும்தான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன விளக்கத்தை நான் படித்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் விசித்திரப் பிறவிகளும் இருந்தார்கள். அன்னா கிங்ஸ்ஃபோர்ட் அவர்களில் ஒருவர். விலங்குகளை அறுக்காமலே பாரிஸில் படித்து 1880-ல் டாக்டர் பட்டம் வாங்கிய பெண்மணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். விலங்குச் சோதனை செய்த கிளாட் பெர்னார்டைத் தன் மனோசக்தியாலேயே கொன்றதாக அவர் நம்பினார். அடுத்த குறி பாஸ்டர். 1886-ல் பாஸ்டரின் கூடத்துக்குப் போன வழியில் மழையில் நனைந்து, நுரையீரல் கெட்டு, பதினைந்து மாதங்களில் அவரே இறந்துபோனார். பாஸ்டர் அதற்குப் பிறகும் ஏழாண்டு இருந்தார். இந்த அம்மையார் 1883-ல் லண்டன் பிரம்மஞான சபைக் கிளையின் தலைவராக இருந்தவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாறு பக்கம் வரும்போது தேவைப்படும்.

இங்கிலாந்தில் 1876-லேயே விலங்குச் சோதனைக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. வெறிநோய்க்கு அந்த நாடு வேறு வழியைப் பிடித்தது: நாய்களுக்கு வாய்ப்பூட்டு, வெளிநாட்டு நாய்களுக்குத் தனிமைக் காவல். 1902-ல் நோய் அங்கே ஒழிந்தது. இந்தியாவுக்கு அந்த வழி ஒத்துவராது என்று ஆட்சியாளர்கள் முடிவு செய்தார்கள். கடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கப்பலேற்றிப் பாரிஸுக்கு அனுப்பும் செலவும் அவர்களை உறுத்தியது. 1900-ல் கசௌலியில் முதல் பாஸ்டர் நிறுவனம் வந்தது. வெறிநோயில் ஓர் ஆங்கிலேயப் பெண் இறந்துபோனதை அடுத்துத் தெற்கிலும் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது; அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கு இதற்கு வந்தது. 1907-ல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது.

தாய்நாட்டில் எதிர்ப்புக்கும் உரிமத்துக்கும் நடுவில் நெளிந்த ஆராய்ச்சிக்குக் குடியேற்ற நாட்டு மலைகளில் தாராளமாக இடம் கிடைத்தது. பிரதிக் சக்ரவர்த்தி போன்ற வரலாற்றாசிரியர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். விலங்குச் சோதனைக்கென்று இங்கே அப்போது சட்டம் எதுவும் இல்லை. நம் மக்களின் எதிர்ப்புகளோ மத உணர்ச்சி என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடப்பட்டன.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் புதிய தடுப்பூசி ஒன்றைச் செய்து காட்டினார். அடுத்த தொண்ணூறு ஆண்டுக்கு இந்தியாவின் நாய்க்கடி மருந்து என்றால் அதுதான். செய்முறையைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். ஆட்டின் மூளைக்குள் வெறிநோய் வைரஸைச் செலுத்துவார்கள். சில நாளில் ஆட்டுக்குக் கால் இழுத்துக்கொள்ளும், நிற்க முடியாமல் விழும். அந்தக் கட்டத்தில் அதைக் கொன்று, மூளையை எடுத்து அரைத்து, ஃபீனால் கலந்து வைரஸைச் சாகடித்துப் புட்டியில் அடைப்பார்கள். வைரஸ் செத்துவிட்டதால் ஊர் ஊராக அனுப்ப முடிந்தது. அதுவரை கடிபட்டவர்தான் மலையேறிப் போக வேண்டியிருந்தது. இது சின்ன விஷயமில்லை. எத்தனையோ உயிர் பிழைத்தது இதனால்தான்.

ஆனால் வீரியம் குறைவு. அதனால் நாள் தவறாமல் போட வேண்டும். பெரியவர்களுக்கு ஒருமுறைக்கு 5 மில்லி வரை மருந்து. அவ்வளவு திரவத்தைக் கையில் தோலுக்கடியில் ஏற்ற முடியாது. தோல் தளர்வாகவும் இடம் அகலமாகவும் இருப்பது வயிறு. ஒரு நாள் போட்ட இடத்தில் மறுநாள் வீக்கம் இருக்கும் என்பதால் இடத்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். அதுதான் மக்கள் வாயில் தொப்புளைச் சுற்றி என்று ஆனது. பதினாலு நாள் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் பதினாலு நாள் கூலி போச்சு என்று பொருள். தயக்கத்துக்கான காரணங்களைப் பட்டியலிடும் ஆய்வுகள் இதற்கு வசதிக்குறைவு என்று ஒரு நாகரிகமான பெயர் வைத்திருக்கின்றன.

இனி, பக்கவாதம். புட்டியில் இருந்தது வைரஸ் மட்டுமில்லை, ஆட்டு மூளையும்தான். நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறை ஆட்டுக்கும் மனிதருக்கும் மிக நெருக்கமானது. ஆட்டு மயலினை எதிரி என்று படித்துக்கொள்ளும் உடல், சிலருக்குத் தன் சொந்த நரம்புறையையே தாக்கத் தொடங்கிவிடும். சில ஆயிரம் பேரில் ஒருவருக்கு இது நேர்ந்தது; சில இடங்களில் கணக்கு இதைவிட மோசம். சிலர் தேறினார்கள், சிலர் தேறவில்லை. டாக்டரின் கணக்கில் அது அரிதான பக்கவிளைவு. சுற்றுப்பட்டு ஊர்களில் அதுதான் ஊசியின் முகவரி. தென் அமெரிக்காவில் இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். பிறந்த சில நாளே ஆன எலிக்குஞ்சுகளின் மூளையில் மயலின் குறைவு. 1950களில் சிலி நாட்டில் அதிலிருந்து தடுப்பூசி செய்தார்கள். மனிதருக்கு ஆபத்து குறைந்தது. மேசைக்கு வந்த உயிரின் வயதும் குறைந்தது.

விலங்கு மூளையே வேண்டாத வழி வெகுநாள் தள்ளி இருந்ததா என்றால், இல்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதச் செல்களில் வைரஸைப் பெருக்கிச் செய்த தடுப்பூசியை ஈரானில் வெறிகொண்ட நாய்களும் ஓநாய்களும் கடித்துக் குதறிய 45 பேருக்குப் போட்டார்கள். 45 பேரும் பிழைத்தார்கள். அந்த முடிவு வெளியானது 1976-ல். 1980களில் இத்தகைய செல் தடுப்பூசிகள் இந்தியச் சந்தைக்கும் வந்துவிட்டன. ஐந்தே ஊசி, கையில். காசு கொடுத்துக் கடையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் ஒரே நாய் கடித்த இரண்டு பேரில், தனியார் டாக்டரிடம் போனவருக்குக் கையில் ஐந்து, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு வயிற்றில் பதினாலு. அரசு ஆட்டு மூளை ஊசியை முழுவதுமாகக் கைவிட்டது 2004 கடைசியில்தான். அதற்கு முந்தைய ஆண்டில் எடுத்த கணக்கெடுப்பு ஒன்று, நாட்டில் வெறிநோய்ச் சாவு ஆண்டுக்குச் சுமார் 20,000 என்று மதிப்பிட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் ஊசியே போடாதவர்கள், ஏழைகள். இதைத் தயக்கம் என்ற ஒரு சொல்லில் அடக்கி, விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டினால் சரியாகும் என்று பேசுவது எனக்கு எப்போதுமே எரிச்சல் தரும். மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டு வாங்குபவரின் மனநிலையை ஆராய்வது என்ன ஆராய்ச்சி?

இப்போது அடையாறு. கிங்ஸ்ஃபோர்ட் தலைவராக இருந்த அதே பிரம்மஞான சபையில் வளர்ந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ராவை வைத்து மட்டுமே அவரை நினைக்கிறோம். மாநிலங்களவைக்கு 1952-ல் நியமிக்கப்பட்டதும் அவர் கையில் எடுத்தது விலங்கு வதைத் தடுப்பு மசோதா. நேரு அரசே சட்டம் கொண்டுவரும் என்று உறுதியளித்த பின் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. அதன்கீழ் 1962-ல் சென்னையில் தொடங்கிய விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். சட்டத்தில் விலங்குச் சோதனைக்கென்று தனி அத்தியாயம் உண்டு. அதன் முதல் பிரிவே, உயிர் காக்கவும் அறிவு வளரவும் செய்யும் சோதனை சட்டவிரோதம் ஆகாது என்று கதவைத் திறந்து வைக்கிறது. கண்காணிக்கும் குழு 1964-ல் அமைந்தது. அதற்குப் பல்லும் நகமும் முளைத்தது 1998-ல் மேனகா காந்தி தலைமையில் அது மீண்டும் அமைக்கப்பட்ட பிறகுதான்.

மூளைத் தடுப்பூசியை விலங்கு நலக்காரர்கள் வன்மையாக எதிர்த்தார்கள். அவர்களுக்கு ஆடு முக்கியம். கடிபட்ட கூலிக்காரருக்குத் தன் வயிறும் தன் கால்களும் முக்கியம். இரண்டு பேரும் கேட்டது ஒன்றைத்தான்: இந்த ஊசி ஒழியட்டும், நல்லது வரட்டும். ஆனால் லெஸ்டர் காலத்து இங்கிலாந்தைப் போல ஒரே கூடத்தில் இவர்கள் உட்கார்ந்ததே இல்லை. ஒரு தரப்பு நகரத்தில் ஆங்கிலத்தில் மனு எழுதியது. இன்னொரு தரப்பு ஊரில் பேசாமல் ஊசியைத் தவிர்த்தது. தெருநாய் என்று வந்துவிட்டால் இருவரும் எதிரிகளாகவும் ஆனார்கள், இன்றுவரை அப்படித்தான்.

காந்தியையே இந்தச் சிக்கல் விட்டுவைக்கவில்லை. 1909-ல் ஹிந்த் ஸ்வராஜ் நூலில் விலங்குகளை அறுக்கும் மருத்துவத்தைச் சாடியவர், அம்மைத் தடுப்பூசியையும் ஏற்காதவர். அவரே 1926-ல் அகமதாபாத் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் 60 தெருநாய்களைக் கொன்றபோது, வேறு வழியில்லை என்று அவர் பக்கம் நின்றார். கோபக் கடிதங்கள் குவிந்தன. வாரக்கணக்கில் யங் இந்தியாவில் பதில் எழுதினார். 1930-ல் சபர்மதி ஆசிரமத்தில் அம்மை கண்டு குழந்தைகள் இறந்தபோது மனம் குலைந்தார். ஆனாலும் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அங்கே அவரோடு எனக்கு உடன்பாடில்லை. தன் உடலுக்கு ஒருவர் ஊசி வேண்டாம் என்பது வேறு, பிள்ளைகளின் உடலுக்கும் சேர்த்து முடிவெடுப்பது வேறு.

இன்று குன்னூரில் ஆட்டு மூளை இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் கையில் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு இடத்தில் குத்துகிறார்கள், நான்கு தடவை, இலவசம். கொசுக்கடி அளவு வலி. விலங்கு மட்டும் முழுதாக விலகிவிடவில்லை. இப்போதைய தடுப்பூசிகளில் பல வீரோ என்ற செல்களில் வளர்பவை. 1962-ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களின் வழித்தோன்றல்கள் அவை; அறுபது ஆண்டாகக் கண்ணாடிக் குடுவைகளில் பெருகிக்கொண்டிருக்கின்றன. தடுப்பூசியின் வீரியத்தைச் சோதிக்கக் காலங்காலமாகச் சுண்டெலிகளின் மூளைக்குள்தான் வைரஸைச் செலுத்திப் பார்த்து வந்தார்கள். அதற்கு மாற்றாக விலங்கில்லாச் சோதனைகள் இப்போதுதான் மெல்ல இடம்பிடிக்கின்றன. இவை எதையும் எந்த ஆஸ்பத்திரிச் சுவரிலும் எழுதி வைப்பதில்லை. சொன்னால் மக்கள் மிரண்டுவிடுவார்கள் என்று அதிகாரிகள் நினைக்கிறார்கள்.

சொல்லாமல் விட்டதால் என்ன ஆனது என்பதை 2021 ஜூனில் பார்த்தோம். செல்களை வளர்க்கக் கன்றுக்குட்டியின் சீரம் பயன்படுகிறது என்று ஓர் ஆவணம் வெளியே வந்ததும், கோவாக்சினுக்குள்ளேயே கன்றின் ரத்தம் இருக்கிறது என்று செய்தி பறந்தது. செல்களைப் பலமுறை கழுவிவிடுகிறார்கள், தடுப்பூசியில் சீரம் இல்லை என்று மத்தியச் சுகாதார அமைச்சகம் அவசரமாக விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)