பழைய சாடியும் கொன்றைப் பூவும்

கடை வாசலில் பழைய சாடியொன்றை வெறுமனே வைத்தால் பத்துப் பேர் தாண்டிப் போவார்கள். அதிலேயே நாலு பூங்கிளையைச் செருகி வைத்தால் இரண்டு பேராவது நின்று விலை கேட்பார்கள். பழைய சாமான் வியாபாரத்தில் நான் கண்கூடாகக் கண்டது இது. அதே பூதான் ஒருமுறை என் 45,000 ரூபா வியாபாரத்தைக் கெடுத்தது.

2023 ஏப்ரலில் காலிக் கோட்டைக்குள் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் வந்தார். வரவேற்பு மேசையில் பூ வைக்கப் பழைய சாடி வேண்டுமென்றார். என்னிடம் ஒரு மர்த்தபான் இருந்தது. நம் உம்மாமார் அச்சாறு போட்டு வைத்த அந்தக் கபில நிறச் சாடிதான், தோளில் நாலு காது. பர்மாவின் மர்த்தபான் துறைமுகத்தின் வழியாக வந்ததால் அந்தப் பெயர். தென் சீனாவில் செய்தவையும் இதே பெயரில்தான் விற்றன. இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் எல்லாம் உப்பிட்டு நிரப்பிய மர்த்தபான்களைப் பற்றி இப்னு பதூதாவே எழுதியிருக்கிறார்.

அது கொன்றை பூக்கும் காலம். வாய் குறுகிய சாடியில் பூவைத் திணிக்கக் கூடாது. மூன்றே கிளை, சாடியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. மஞ்சள் சரம் ஒரு பக்கமாகத் தொங்கும்படி நானே வைத்துக் கொடுத்தேன். கொன்றை இரண்டொரு நாளில் உதிரும், ஆனால் மேசையில் விழுந்த இதழும் அழகுதான். தண்ணீரை நேரே சாடிக்குள் ஊற்றினேன். பிழை அங்கேதான்.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. மேசையில் ஈர வட்டம். அடிப்பக்கத்து வெடிப்பை யாரோ முன்பு சாந்தும் பசையும் வைத்து அடைத்து, மேலே வர்ணம் பூசியிருக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் பசை கரைந்துவிட்டது. "ஹாஜியார், தெரிஞ்சுதான் தந்தீங்களா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை. வாங்கும்போது கவிழ்த்துப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன், மேசைக்குப் பொலிஷ் போட்ட செலவும் என்னுடையது. பிறகு அவரே 20,000 ரூபாவுக்கு அதைக் கேட்டு வாங்கினார். "அடி வெடிப்பு, ஒட்டியது" என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தேன்.

இப்போது எந்தச் சாடியையும் விரல் மடக்கித் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. முழுசு என்றால் கணீரென்னும், வெடிப்பிருந்தால் 'டொக்' என்று அடைபடும். பேருவளை சீனன்கோட்டையில் கல் பார்க்கும் ஊதாக்கதிர் டோர்ச் ஒன்றும் கையில் இருக்கிறது. புதிய பசையும் வர்ணமும் பெரும்பாலும் அதில் வேறு நிறமாகத் தெரியும்.

பூ வைப்பதென்றால் கழுத்து வெட்டிய பிளாஸ்டிக் போத்தலை உள்ளே இறக்கி அதில்தான் தண்ணீர். மெருகில் மயிர்க்கீறலோடிய மண்சாடிக்கு இது இன்னும் அவசியம், ஈரம் உள்ளே ஊறிக் கறை பிடித்துவிடும். காம்பைக் காலையில் சரிவாக வெட்டி, நீருக்குள் போகும் இலையைக் கிள்ளிவிடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

வெளிநாட்டார் கேட்டால் இன்னொன்றும் கவனியுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் சட்டப்படி தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. அதையும் விற்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

விடுதிக்காரர் ஏப்ரல் பிறந்தால் இன்னும் அழைப்பார், கொன்றை எங்கே பூத்திருக்கிறது என்று கேட்க.