சம்பளச் சீட்டில் இருந்த காய்ச்சல்

எல்லையோர உடம்பு – 9

“வருஷத்துக்கு எத்தனை தடவை வருது?” என்று கேட்டார் காது மூக்கு தொண்டை டாக்டர்.

“அடிக்கடி வரும் சார்.”

“அடிக்கடின்னா?”

ஐந்து இருக்கலாம், எட்டும் இருக்கலாம். முப்பத்திரண்டு வயதில் டான்சிலை எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கப் போனவனுக்கு முதல் கேள்விக்கே பதில் தெரியவில்லை. “எண்ணிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

ஓசூரில் தொண்டை வலிக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருப்பவர்கள் குறைவு. சிப்காட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், திறந்திருக்கிற மெடிக்கல்தான் நமக்கு டாக்டர். தொண்டை வலி என்று தமிழில் சொன்னாலும், கண்டலு நோவு என்று கன்னடத்தில் சொன்னாலும், கொந்து நொப்பி என்று தெலுங்கில் சொன்னாலும் கடைக்காரரின் கை ஒரே டப்பாவுக்குத்தான் போகும். அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று நாள் மாத்திரை, பில் கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரியவர்களுக்கு வரும் தொண்டை வலியில் பத்தில் ஒன்றுதான் ஏறக்குறைய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வருவது. மிச்சத்தில் பெரும்பாலானவை வைரஸ். ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. மூக்கொழுகி, இருமலும் சேர்ந்து வந்தால் அநேகமாக வைரஸ். இருமல் இல்லாமல் காய்ச்சல் அடித்து, டான்சில் மேல் வெள்ளை படிந்து, தாடைக்குக் கீழே நெறி கட்டி வலித்தால்தான் அந்தக் கிருமி மேல் சந்தேகம் வரவேண்டும். நான் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்துத் தரையில் பரப்பினேன். லாஸ் ஆஃப் பே என்ற வரிதான் என் மருத்துவக் குறிப்பேடு. பிப்ரவரியில் இரண்டு நாள், ஜூலையில் மூன்று நாள். நவம்பரில் இருந்த நான்கு நாள் தீபாவளிக்கு ஊருக்குப் போனது, அதைக் கழித்தேன். சூப்பர்வைசருக்கு அனுப்பிய ‘சார் ஃபீவர்’ என்ற வாட்ஸ்அப் செய்திகளின் தேதிகளோடு ஒப்பிட்டேன் (அவற்றில் இரண்டு, உண்மையைச் சொன்னால், காய்ச்சலே இல்லை). கடைசியில் தேறியது: போன வருடம் நான்கு, அதற்கு முந்தைய வருடம் மூன்று. எட்டு என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

இந்த எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், டான்சில் அறுவைக்கு ஒரு மோசமான பழைய கதை உண்டு. 1934-ல் நியூயார்க்கில் 1,000 பள்ளிக் குழந்தைகளைப் பார்த்தார்கள். 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரைப் பள்ளி மருத்துவர்களிடம் காட்டியபோது 174 பேருக்கு அறுவை வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள்; அவர்கள் 99 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிலும் தப்பிய 116 பேரை மூன்றாவது முறை காட்டியதில் இன்னும் 51 பேர் சிக்கினார்கள். கடைசிவரை தப்பியது 65 தொண்டைகள். எந்தக் கூட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அறுப்பது என்று கை பழகியிருந்தது.

அந்தக் கைக்குக் கடிவாளம் போட்டதில் பிட்ஸ்பர்க் குழந்தை மருத்துவர் ஜாக் பாரடைஸுக்குப் பங்குண்டு. 1984-ல் வெளிவந்த அவருடைய ஆய்வு வைத்த அளவுகோல்: ஒரே வருடத்தில் ஏழு தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து ஐந்தைந்து, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து மும்மூன்று. குழந்தைகளுக்காகச் செய்த கணக்குதான். பெரியவர்களுக்கும் இன்று அதையே நீட்டிப் பிடிக்கிறார்கள். என் நான்கும் மூன்றும் வாசலில் நிற்கின்றன. இந்த வருடமும் மூன்று வந்தால் உள்ளே போகலாம்.

பெரியவர்களை மட்டும் வைத்து ஒரு நல்ல சோதனை பிரிட்டனில் நடந்தது. 27 மருத்துவமனைகள், 453 பேர். முடிவு 2023-ல் லான்செட்டில் வந்தது. இரண்டு வருடத்தில் தொண்டை வலித்த நாட்களின் இடைநிலை, அறுவை செய்துகொண்ட பக்கம் 23, காத்திருந்த பக்கம் 30. ஆரம்பத்தில் யாருக்கு எவ்வளவு தொல்லை இருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வலி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அறுவைதான் ஜெயித்தது. ஆனால் அறுவை செய்துகொண்ட 231 பேரில் 44 பேருக்கு ரத்தக் கசிவு. ஐந்தில் ஒருவர் என்பதை நான் மூன்று முறை படித்தேன்.

அறுத்த இடத்தில் படியும் வெள்ளைப் பொருக்கு ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் உதிரும். கசிவு பெரும்பாலும் அப்போதுதான். இங்கேதான் நம்மூர்ச் சிக்கல் வருகிறது. அறுவை முடிந்து ரெண்டாம் நாளே எல்லோரும் செய்வது, ஓய்வுக்குச் சொந்த ஊர் போவது. அஞ்செட்டிக்காரர் அந்த ஏழாம் நாள் இரவில் வாயில் ரத்தத்தோடு, யானை நடமாடும் காட்டுச் சாலையில் தேன்கனிக்கோட்டைக்கு வண்டி தேட வேண்டியிருக்கும். இரவிலும் மயக்க டாக்டர் கிடைக்கிற ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இரண்டு வாரம் இருப்பது நல்லது, அது பத்துக்குப் பத்து வாடகை அறையாக இருந்தாலும். வலியும் குழந்தைகளுக்குப் போல நாலு நாளில் போகாது. பத்து நாள், பதினான்கு நாள் இருக்கும். விழுங்கும்போது காதுக்குள் குத்தும். தொண்டைக்கும் காதுக்கும் போகிற நரம்பு ஒன்று என்பதால் அது.

பதினான்கு நாளுக்கு யார் சம்பளம் தருவது? மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. உடம்பு சரியில்லாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. முதல் இரண்டு நாள் காத்திருப்பு, அதற்குக் கிடையாது. நாளுக்கு 600 ரூபாய்க்காரர் என்றால் 8,400 வரவேண்டிய இடத்தில் 12 நாளுக்கு 5,040. அதையும் வாங்க, முந்தைய ஆறுமாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். காண்ட்ராக்டர் மாறி மாறி, இடையில் ரெண்டு மாதம் சும்மா இருந்து, மறுபடி சேர்ந்தவருக்கு இந்த 78 தான் பாரடைஸின் ஏழை விடப் பெரிய எண். ஓசூரில் டான்சில் முடிவை எடுப்பது பாதிக்கு மேல் மஸ்டர் ரோல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண்ணிக்கொண்டிருக்கக் கூடாத சில உண்டு. டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டி வாயே திறக்க முடியாமல் போவது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, ஒரு பக்கம் மட்டும் பெருத்துக்கொண்டே போவது. கடைசியாகச் சொன்னதைப் பீடி, ஹான்ஸ் பழக்கம் உள்ளவர்கள் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. புற்றா என்று பார்த்தாக வேண்டும்.

ஊத்தங்கரையிலிருந்து அம்மா போனில் கேட்டாள், “உள்நாக்க அறுத்துட்டா பேச்சு வருமாடா?” உள்நாக்கு நடுவில் தொங்குவது, டான்சில் அதற்கு இரண்டு பக்கமும் இருப்பது என்று விளக்கினேன். “எதுவோ, சாமி குடுத்தத எதுக்கு எடுக்கணும்? எதிர்ப்பு சக்தி போயிடுமாமே.” பெரியவர்களுக்கு அப்படிக் குறிப்பிடும்படியாக எதுவும் போவதில்லை, நாக்கின் வேர்ப்பகுதியிலும் அதே வேலை செய்யும் திசு இருக்கிறது என்றேன். அவள் கேட்டுக்கொண்டது மாதிரித் தெரியவில்லை.

இப்போது தினசரி காலண்டரில் சிவப்பு வட்டம் போடுகிறேன். காய்ச்சல், நெறி, வெள்ளை மூன்றும் இருந்தால்தான் வட்டம். ஜனவரியிலிருந்து இரண்டு. போன வாரம் மூன்றாவது என்றுதான் எழுந்தேன், பேனாவையும் எடுத்துவிட்டேன். மதியத்துக்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

(அடுத்த வாரம்: நைட் ஷிஃப்ட் வயிறு)