கடலோரம் இரண்டு நாள், கல்வராயனில் இரண்டு நாள்

கோடை விடுமுறை விட்டதும் வீட்டில் ஐந்து கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. பாட்டிக்குக் கோயில் வேண்டும். பையனுக்கு மலை ஏற வேண்டும். பெண்ணுக்குச் சமுத்திரம் பார்க்க வேண்டும். அம்மாவுக்கோ, நாலு நாள் அடுப்பின் முகத்தில் விழிக்காமலிருந்தால் எந்த ஊரானாலும் சரி. அப்பா மணிபர்ஸை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்த்துக் கொள்ளலாமே!" என்கிறார். பெரும்பாலும் அவர் கட்சிதான் ஜயிக்கிறது.

இந்த வருஷம் அவரைத் தோற்கடிக்க ஒரு வழி சொல்லுகிறேன். புதுச்சேரியில் இரண்டு நாள், கல்வராயன் மலையில் இரண்டு நாள், நடுவே ஒரு நாள் வழிப் பிரயாணம். ஐந்து நாளில் ஐந்து கட்சிக்கும் திருப்தி!

முதலில் பட்டணம்

பட்டணத்தை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மலை ஏறி அலுத்த காலோடு மியூசியத்துக்குப் போனால், குழந்தைகள் உட்கார இடம் தேடுவார்களே தவிர, சிலையைப் பார்க்க மாட்டார்கள்.

புதுச்சேரியில் மே மாத வெயில் சாமானியமல்ல. ஆகவே விடியற்காலையில் கடற்கரை, வெயில் ஏறியதும் கூரைக்குக் கீழே, மாலையில் மறுபடியும் கடற்கரை என்று ஒரு நியமம் செய்துகொள்ளுங்கள். இது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி ஒப்படைப்பு முடிந்தது 1962-ல். ஊர் நடுவே செல்லும் கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சு வீதிகள். மேற்கே திண்ணை வைத்த தமிழ் வீதிகள். இரண்டிலும் குழந்தைகளை நடத்தியே கூட்டிப் போங்கள். சரித்திரம் கால் வழியாகவும் ஏறும்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் இது. பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் இங்கேதான் பிறந்தன. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசனின் வீடு. மியூசியத்தில், அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த பானைகளும் மணிகளும் ரோமாபுரியோடு தமிழர் நடத்திய வாணிபத்துக்குச் சாட்சி சொல்லுகின்றன. ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும்: இவற்றுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று போய்ப் பூட்டைத் தரிசித்துவிட்டுத் திரும்பாதீர்கள்!

பாட்டியின் பங்கு

மூன்றாம் நாள் விழுப்புரம் வழியாகத் திருக்கோவலூர். உலகளந்த பெருமாள் ஓங்கிய திருவடியோடு நிற்பதைப் பாட்டி கண் குளிரப் பார்க்கட்டும். முதலாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில் ஓர் இடைகழியில் நெருக்கியடித்து நின்ற கதையை அவரையே சொல்லச் சொல்லுங்கள். பஸ்ஸில் இடம் இல்லையென்று முணுமுணுக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அது நல்ல மருந்து. பெண்ணையாற்றில் கபிலர் குன்றையும் பார்த்துவிட்டுக் கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் கள்ளக்குறிச்சி.

2019-ல் தனி மாவட்டமான ஊர் இது. இங்கே செதுக்கும் மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஜாகை இங்கேயே இருக்கட்டும்.

மலையடிவாரம்

கள்ளக்குறிச்சியிலிருந்து அதிக தூரமில்லாத கச்சிராயபாளையம்தான் மலைக்கு வாசற்படி. கரும்புத் தோட்டங்களும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உள்ள ஊர். பக்கத்திலேயே கோமுகி அணை. மாலை வேளையில் அணைமேல் நின்றால், எதிரே கல்வராயன் நீலமாக எழுந்து நிற்கும். மறுநாள் ஏறப்போகும் மலையை முதல் நாள் அடியிலிருந்து பார்த்து வைப்பதில் ஒரு சுகம் உண்டு.

கல்வராயன் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. பெரும்பாலும் இரண்டாயிரம் முதல் மூவாயிரம் அடி உயரம். ஆகையால் ஊட்டியை எண்ணிக் கம்பளி மூட்டை கட்ட வேண்டாம். காலையும் மாலையும் இதமாக இருக்கும். நடுப்பகல் வெயில் இங்கேயும் வெயில்தான். வெள்ளிமலை வரை பஸ் போகிறது. பாட்டியும் பஸ்ஸிலேயே மலை ஏறிவிடலாம்.

அருவி கொட்டும் என்று மட்டும் பையனுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். பெரியாறு அருவியும் மேகம் அருவியும் மழைக்காலத்தில்தான் முழு வேஷம் கட்டும். கோடை மழை பெய்யாவிட்டால் பாறைதான் மிச்சம். தண்ணீர் இருந்தாலும் பாறை வழுக்கும். சின்னக் குழந்தையின் கையை விட்டுவிடாதீர்கள்.

மலையில் வாழ்கிறவர்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்காரர்கள் அல்ல, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்ளும் தமிழர்கள். சாமையும் தினையும் விளைவிக்கிறார்கள். காட்டில் கடுக்காய் சேகரிக்கிறார்கள். ஜாகீர்தார்களின் பிடியில் வெகுகாலம் இருந்த மலை இது. 1976-ல்தான் அந்த ஆட்சி முடிந்தது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று, கேளாமல் படம் பிடிக்காதீர்கள். நம் வீட்டு முற்றத்தில் யாராவது அப்படிச் செய்தால் நாம் சும்மா இருப்போமா? கடுக்காயோ பலாப்பழமோ விலைக்குக் கிடைத்தால், பேரம் பேசாமல் வாங்குங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை

ஊரை ஒட்டிய பாதைகளில் காலையில் இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். அதைத் தாண்டிக் காட்டுக்குள் போவதானால், முதலில் வன இலாகாவின் அநுமதி வேண்டும். கூட வழி தெரிந்த உள்ளூர்க்காரர் வேண்டும். இது வெறும் சம்பிரதாயமல்ல. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்களைக் காட்டுத் தீ வளைத்துக்கொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கோடையில் காய்ந்த புல்லுக்கு ஒரு பீடித் துண்டு போதும். மேட்டில் தீ, மனிதனைவிட வேகமாக ஓடும். "இப்போது போகக்கூடாது" என்று வனக்காவலர் சொன்னால், வாதாடாமல் திரும்பிவிடுங்கள். மலை எங்கும் போய்விடாது. அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.

மூட்டையில் வைக்க வேண்டியவை: ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், தொப்பி, கால் விரல் நெரியாத பழைய ஜோடு, புளியோதரை, பாட்டியின் மாத்திரைகள். காகிதமும் பிளாஸ்டிக் பையும் போன மூட்டையிலேயே திரும்பி வரட்டும்.

ஐந்தாம் நாள் மாலை கச்சிராயபாளையத்தில் இறங்கியதும் அப்பாவின் முகத்தைப் பாருங்கள். மணிபர்ஸ் இளைத்திருக்கும், ஆனால், "அடுத்த வருஷம் மழைக்காலத்தில் வந்தால் அருவி பார்க்கலாமே!" என்று முதலில் சொல்லுகிறவர் அவராகவே இருப்பார்.