விசேட தேவையுடையோர் இல்லங்கள்: உள்ளே நடப்பதை யார் பார்ப்பது?

ஓட்டிசமோ அறிவுவளர்ச்சிக் குறைபாடோ உள்ள ஒருவர் பராமரிப்பு இல்லமொன்றில் சேர்ந்தால், எழும்புவது முதல் உறங்குவது வரை அவருடைய நாள் முழுவதும் பிறர் கைக்குப் போய்விடுகிறது. தனக்கு நடந்ததை எடுத்துச் சொல்லவும் அவரால் இயலாமல் இருக்கலாம். ஆகவே அவருடைய பாதுகாப்பு, உள்ளே நடப்பதை வெளியாட்கள் எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதில் தங்கியிருக்கிறது.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கங்களில் இத்தகையவர்களைப் பெரும்பாலும் குடும்பமே பார்த்துக்கொள்கிறது. உம்மாவும் வாப்பாவும் தளர்ந்த பிறகோ மௌத்தான பிறகோதான் இல்லம் பற்றிய பேச்சு எழுகிறது. அந்த அவசரத்தில் யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. இல்லம் நன்கொடையில் நடப்பதாக இருந்தால், “தர்மத்துக்குப் பார்க்கிறவர்களிடம் கேள்வி கேட்பதா?” என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. இந்தக் கூச்சம் ஆபத்தானது. தர்மத்துக்கு நடத்தினாலும் காசுக்கு நடத்தினாலும் பொறுப்பு ஒன்றே.

2001 ஓகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவுக்கு வந்த மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. வறுமைதான் காரணம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருகே இருந்த வின்டர்போர்ன் வியூ, அறிவுவளர்ச்சிக் குறைபாடும் ஓட்டிசமும் உள்ளோருக்கான, பெருந்தொகை கட்டணம் வாங்கிய தனியார் மருத்துவமனை. அங்கு பணியாற்றிய தாதி உத்தியோகத்தர் ஒருவரின் முறைப்பாட்டைக் கண்காணிப்பு ஆணைக்குழு கவனிக்காமல் விட்டது. 2011 இல் பிபிசியின் மறைகமரா அங்கு நடந்த அடி உதைகளைக் காட்டிய பிறகே 11 ஊழியர்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்களில் ஆறு பேர் சிறை சென்றனர்.

கரையோர மக்கள் மறக்கக்கூடாத இன்னொன்று, 2004 சுனாமியின்போது காலியில் இருந்த சம்போதி இல்லத்துக்கு நேர்ந்தது. அங்கிருந்த 102 பேரில் 41 பேரே உயிர்தப்பினர். கடலோரத்தில் உள்ள இல்லத்தில், இரவில் எத்தனை ஊழியர்கள் இருப்பார்கள், நடக்க முடியாதவரை யார் தூக்குவார் என்பதை முதலிலேயே கேட்க வேண்டும்.

வர்ணமடித்த சுவரையும் புதிய கட்டில்களையும் கொண்டு தரத்தை எடைபோட முடியாது. முன்னறிவிப்பின்றி உறவினர் வந்தால் உள்ளே விடுகிறார்களா என்பதே முதல் சோதனை. அடுத்தது மருந்து. எந்த மருந்து, எவ்வளவு, எந்த வைத்தியர், எதற்காக எழுதினார் என்ற பதிவேடு இருக்க வேண்டும். ஓட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு வலிப்பும் இருப்பதால் வேளை தவறிய குளிசை உயிரையே பறிக்கலாம். பேச்சில்லாத ஒருவர் திடீரெனத் தலையைச் சுவரில் மோதினால் அது பல்வலியாகவோ காதுவலியாகவோ மலச்சிக்கலாகவோ இருக்கலாம். அதைப் பார்க்காமல் மயக்க மருந்து கொடுத்து அடக்குவது வைத்தியமாகாது. உடல் மெலிவு, விளக்கமில்லாத கண்டல், ஓயாத தூக்கம், குறிப்பிட்ட ஊழியரைக் கண்டதும் ஒடுங்குவது ஆகியவற்றைத் திகதியோடு குறித்து வைப்பது நல்லது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. இத்தகைய இல்லங்களைச் சுயாதீன அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது அதன் 16 ஆம் உறுப்புரை. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கல்வி, வேலைவாய்ப்பு, கட்டடங்களுக்குள் செல்லும் வசதி ஆகியவற்றில் பாரபட்சத்தைத் தடுக்கிறது. இல்லத்துக்குள் நடக்கும் கொடுமைக்கோ தண்டனைச் சட்டக்கோவையே கூர்மையான கருவி. 18 வயதுக்குக் குறைந்தவரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தாக்குவதும் கவனிக்காமல் விடுவதும் 308அ பிரிவின்படி குற்றம். மனநலக் குறைபாடோ உடற்குறைபாடோ உள்ள பெண்ணை வன்புணர்ந்தால் தண்டனை கூடும்.

பேச முடியாதவர் சாட்சி சொல்ல முடியாது என்று பலர் நம்பி முறைப்பாட்டையே கைவிடுகிறார்கள். சான்றுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எழுத்தாலோ சைகையாலோ அவர் சாட்சியளிக்கலாம்.

காயம் இருந்தால் உடனே அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்க வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும் எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றில் கையொப்பம் பெறுவது நல்லது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது.

அரச இல்லத்திலோ அரச அதிகாரியாலோ உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைத் தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டுவிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்த அவகாசத்தில் கணக்கிடப்படாது.