உள்ளங்காலில் ஒரு கறுப்பு

பனியன் துணியை லென்ஸ் வைத்துப் பார்த்தால் லூப்புகள் ஒரே அளவில் வரிசை வரிசையாகத் தெரியும். ஓர் ஊசி பழுதானால் அந்த வரிசை மட்டும் கெட்டு நிற்கும். திருப்பூரில் நிட்டிங் மெஷினில் நிற்பவருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் மருத்துவர் மச்சத்தின் மேல் வைக்கும் டெர்மோஸ்கோப்பும் இப்படி வரிசை கெட்ட இடத்தைத்தான் தேடுகிறது.

கைக்குள் அடங்கும் அந்தக் கருவி சுமார் 10 மடங்கு பெருக்கிக் காட்டும். அதைவிட முக்கியம், தோலின் மேல் பட்டுத் திரும்பும் பளபளப்பை அது நீக்கிவிடுவது. அதனால் உள்ளே இருக்கும் மெலனின் நிறமி கண்ணுக்கு வருகிறது. சாதாரண மச்சத்தில் அது சீரான பழுப்பு வலை. புற்றுநோயில் வலையின் கோடுகள் ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் சட்டென்று அறுந்து, வலைக்கண்கள் சிறிதும் பெரிதுமாகிவிடும். நிறத்தை வைத்து ஆழத்தையும் ஊகிக்கலாம்: மேலே கறுப்பு, அடுத்துப் பழுப்பு, இன்னும் கீழே சாம்பல், நீலம்.

மெலனோமா என்னும் இந்தப் புற்றுநோய் நம் நாட்டில் அரிது. வெள்ளைத் தோலினருக்குப் பெரும்பாலும் வெயில் பட்ட இடங்களில் வருவது, நமக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில் அதிகம் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடிக்கப்பட்டதும் இதுதான். 1981இல், 36 வயதில் இறந்தார். உள்ளங்காலை நாம் திருப்பிப் பார்ப்பதே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பாதத்தில் வலை தெரியாது. அங்கே ரேகைகளின் மேடும் பள்ளமும் மாறி மாறி ஓடும். சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் இருக்கும். மெலனோமாவின் நிறம் வியர்வைத் துளைகள் திறக்கும் மேட்டில் ஓடும். இந்த வேறுபாட்டை விளக்கியவர்களில் முதன்மையானவர் ஜப்பானிய மருத்துவர் தொஷியாகி சைதா.

சாயப்பட்டறையில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாயக்கறையும் சில சமயம் மேட்டிலேயே படிந்து மருத்துவரை யோசிக்க வைக்கும். ஆனால் அது செத்த மேல்தோலில் நிற்பது. மருத்துவர் மெல்லச் சுரண்டினால் வந்துவிடும், விட்டாலும் சில வாரங்களில் உதிரும். உதிராமல் பரவும் கறுப்பைச் சாயம் என்று விட்டுவிடாதீர்கள். நகத்தில் ஓடும் கறுங்கோடு அகலமாகி, நகத்தை ஒட்டிய தோலுக்கும் பரவினால் அதையும் காட்டிவிட வேண்டும்.

லென்ஸில் வருவது சந்தேகம் மட்டுமே. முடிவு சொல்வது பயாப்ஸி. அதில் கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், வெட்டி எடுப்பதோடு நோய் தீர்ந்துவிட மிகுந்த வாய்ப்பு உண்டு.