கூடாரம் பிரிக்காத ஊர்

(இரும்புப்பாதை ஊர்கள் – 7)

போன வாரம் ஜூல்ஸ்பர்க்கில் நின்றோம். தண்டவாளம் மேற்கே நகர்ந்ததும், மதுக்கடையையும் சூதாட்டக் கூடத்தையும் பலகை பலகையாகக் கழற்றிச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த ஊரே கிளம்பியது. அடுத்த ஊரில் வண்டி நின்றபோது, "ஐயாமாரே, இதோ ஜூல்ஸ்பர்க்!" என்று கார்டு கூவினாராம். அப்படி வந்து இறங்கிய இடம்தான் ஷையான். இன்றைக்கு வயோமிங் மாநிலத்தின் தலைநகர்.

1867 ஜூலையில் யூனியன் பசிபிக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ் குரோ ஓடைக்கரையில் இந்த இடத்தைக் குறித்தார். ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு புல்வெளி. யாருடைய வேட்டை நிலத்தின் குறுக்கே பாதை போட்டார்களோ, அந்த ஷையான் பழங்குடிகளின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். அவர்களிடமிருந்து பாதையையும் ஊரையும் காக்க, பக்கத்திலேயே டி.ஏ. ரஸ்ஸல் கோட்டையையும் கட்டினார்கள். கம்பெனி 150 டாலருக்கு விற்ற மனை சீக்கிரமே ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. நவம்பர் 13ஆம் தேதி தண்டவாளம் வந்து சேர்வதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்துவிட்டார்கள்.

ரயிலுக்கு முன்னால் பிரசங்கமும் வந்துவிட்டது. செப்டம்பர் மாதமே மெதடிஸ்ட்கள் ஒரு சபையாகக் கூடினார்கள். அவர்களுக்குப் பிரசங்கம் செய்தவர் டி.டபிள்யூ. ஸ்காட் என்ற மருத்துவர். அந்த ஊரில் அவருக்கு இரண்டு வேலைக்கும் ஆள் கிடைத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்து வந்தவரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எபிஸ்கோபல் சபையின் குருவானவர் ஜோசப் குக், 1868 ஜனவரியில் பிலடெல்பியாவிலிருந்து வந்தார். அதே மாதத்தில்தான் ஊர்க்காவல் கும்பல் ஒன்று மூன்று திருடர்களை ஒன்றாகக் கட்டி, திருடிய தொகையையும், அடுத்த முறை மரத்தில் தொங்குவார்கள் என்ற எச்சரிக்கையையும் துணியில் எழுதி மாட்டித் தெருவில் நடக்க விட்டிருந்தது. குக்கின் நாட்குறிப்பும் கடிதங்களும் பின்னாளில் அச்சாகியிருக்கின்றன. ஊரின் சுறுசுறுப்பு அவரை வியக்க வைக்கிறது. அதன் ஒழுக்கக்கேடு திகைக்க வைக்கிறது. சூதாடிகள், மாட்டுவண்டிக்காரர்கள், விலைமாதர் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். ஆனாலும் மூட்டையைக் கட்டவில்லை. அந்த மாதமே புனித மாற்கு சபையை அமைத்து, ஆகஸ்டில் மரத்தாலான தேவாலயத்தைத் திறந்துவிட்டார். வயோமிங்கில் எழுந்த முதல் தேவாலயக் கட்டடம் இதுவே என்று அந்தச் சபையார் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அருட்தந்தை வில்லியம் கெல்லி கத்தோலிக்கர்களுக்குக் கோயில் எழுப்பினார். பாதை போட வந்த ஐரிஷ் தொழிலாளர்கள் இருக்கும்போது பூசைக்கு ஆள் சேர்க்க அவர் அலைய வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கோயில்களுக்கு மனை தந்தது யார் என்று பார்த்தால் கதை சுவாரசியமாகிறது. கடைக்காரனுக்கு விலை பேசி விற்ற அதே யூனியன் பசிபிக், சபைகளுக்கு மனையை இலவசமாகக் கொடுத்தது. கம்பெனிக்குத் திடீரென்று பக்தி வந்துவிடவில்லை. கையிருப்பில் இருந்த ஏனைய மனைகள் விலை போக வேண்டுமென்றால், இந்த ஊர் நாளைக்கும் இருக்கும் என்று வாங்க வருகிறவன் நம்ப வேண்டும். மதுக்கடையைப் பார்த்து அந்த நம்பிக்கை வராது. அது எந்த நேரமும் வண்டியேறிவிடும். மணி கட்டிய கோயிலும் பள்ளிக்கூடமும் இருந்தால் மனைவி மக்களை அழைத்துவரலாம் என்று தோன்றும். வியாபாரிகள் காணிக்கை கொடுத்ததிலும் இந்தக் கணக்கு இல்லாமலிருக்காது. கோயிலில்லா ஊரில் குடியிருக்கக் கூடாது என்பது நம்மவர் பேச்சு. ஷையானில் குடியேறியவர்களும் அதையேதான் நினைத்தார்கள், மனை விலையையும் சேர்த்து.

1868 வசந்தத்தில் பாதை ஷெர்மன் மலையைக் கடந்து லாரமிக்குப் போனது. எதிர்பார்த்தபடியே கூட்டமும் பின்னாலேயே போனது. 1870 கணக்கெடுப்பில் ஷையானில் மிஞ்சியவர்கள் 1,450 பேர். லாரமிக்கும் அப்பால் முளைத்த பென்டன் என்ற ஊர் சில மாதங்களில் சுவடில்லாமல் போய்விட்டது. ஷையான் தப்பியதற்குக் கோயில் காரணம் என்று சொல்ல மாட்டேன். கம்பெனியின் எஞ்சின் கொட்டகையும் பட்டறையும் அங்கே இருந்தன, கோட்டை இருந்தது, 1870 ஜூனில் டென்வருக்குக் கிளைப்பாதையும் முடிந்தது. கோயில் கட்டியவர்கள் பந்தயம் கட்டினார்கள்; பட்டறை அதை ஜெயித்துக் கொடுத்தது.

இதற்கிடையே 1869இல் இன்னும் இரண்டு சபைகள் வந்தன. பிரெஸ்பிட்டீரியன் சபையை அமைத்தவர் ஷெல்டன் ஜாக்சன். குள்ளமான மனிதர், ஓயாத கால்கள். அயோவாவிலிருந்து யூட்டா வரை அவர் பொறுப்பில் இருந்தது. ரயில் நிற்கும் ஊரில் எல்லாம் இறங்கிச் சபை அமைத்துவிட்டு அடுத்த வண்டி ஏறுவார். இன்னொன்று காங்கிரிகேஷனல் சபை. ஆக, 1,450 பேருக்கு ஐந்து சபைகள்! கிழக்கே இருந்த மிஷன் சங்கங்களுக்குள், நாம் விட்டால் மற்றவர் பிடித்துவிடுவார்கள் என்ற பதற்றம். எனக்கென்னவோ இது வீண் செலவாகத்தான் படுகிறது. ஞாயிறு காலையில் பாதிப் பெஞ்சு காலியாகக் கிடந்த கோயிலில் ஆளுக்கொரு மூலையில் பிரசங்கம் செய்து என்ன கண்டார்கள்?

ஆனால் அந்த ஐந்தாவது சபையின் போதகரைப் பார்த்தால் என் கணக்கு ஆட்டம் காண்கிறது. ஜெரோம் டேவிஸ், உள்நாட்டுப் போரில் ஷைலோ களத்தில் கொடி பிடித்துக் காயம்பட்டவர். லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்து, பிறகு இறையியல் படித்து, முதல் பணிக்கு ஷையான் வந்தார். இரண்டு ஆண்டுகளில் கிளம்பி 1871இல் ஜப்பான் போனார். 1875இல் நீஜிமா ஜோ கியோட்டோவில் எட்டு மாணவர்களோடு தோஷிஷா பள்ளியைத் தொடங்கியபோது, அவருக்குத் துணையாக நின்றவர் இந்த டேவிஸ்தான். அது இன்று பெரிய பல்கலைக்கழகம். குக்கும் 1870இல் ஊரை விட்டார். அவர் போனது டகோட்டாவின் யாங்க்டன் சூ மக்களிடம். சாகும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே ஊழியம் செய்தார்.

மெதடிஸ்ட் சபையின் கல்யாணப் பதிவேடு மட்டும் தனியாகப் புகழ் பெற்றது. 1876 மார்ச் 5ஆம் தேதி துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக், சர்க்கஸ் நடத்திய ஆக்னஸ் லேக் என்ற விதவையை மணந்தார். நடத்திவைத்த போதகர் வாரன், இருவரும் மனதாரச் சொன்னதாகத் தெரியவில்லை என்ற பொருள்படப் பதிவேட்டிலேயே குறித்து வைத்தார். அவர் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க அவகாசமில்லை. ஆகஸ்டில் டெட்வுட்டில் சீட்டாடிக்கொண்டிருந்த ஹிக்காக்கைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

எண்பதுகளில் மாட்டுப்பண்ணைப் பணம் ஊரில் புரண்டது. புனித மாற்கு சபையார் மரக்கோயிலுக்குப் பதில் 1886இல் கல் கோயில் தொடங்கினார்கள். மணிக்கோபுரம் முடிய 1920கள் ஆகிவிட்டன. அதில் பேய் இருப்பதாக ஒரு கதையும் உண்டு. ஊர் பழசாகிவிட்டால் இதெல்லாம் சகஜம்.

இதே பந்தயத்தைக் கட்டித் தோற்ற ஊர் யூட்டாவில் இருக்கிறது. பெயர் கொரின். மார்மன்களின் நாட்டில் மார்மன் அல்லாதவர்கள் 1869இல் உண்டாக்கிய ரயில் ஊர். 1870இல் மெதடிஸ்ட்கள் கட்டிய செங்கல் கோயில் இன்றும் நிற்கிறது. வியாபாரம் சில ஆண்டுகளிலேயே வேறு பாதைக்குப் போய்விட்டது. அது எப்படி என்று அடுத்த வாரம்.

(தொடரும்)