இளைப்பு நின்னாலும் பம்பை நிறுத்தாதீங்க



'மருத்துவச் செலவு' என்று உள்கடன் எடுப்பவர்களில், வீசிங் வந்து ராத்திரியோட ராத்திரியா ஆட்டோ பிடித்து திண்டுக்கல்லுக்கு ஓடினவர்களும் உண்டு. ஊசி போட்டு, நெபுலைசர் வைத்ததும் மூச்சு சரியாகிவிடும். அதோடு மறந்துவிடுவோம். அடுத்த பனிக்காலத்தில் மறுபடியும் அதே ஆட்டோ, அதே கடன்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயின் உள்பக்கம் வீங்கியிருக்கும். தூசி, புகை, குளிர்காற்று பட்டதும் குழாய் இறுகி, சளியும் அடைத்துக்கொள்ளும். அதுதான் இழுப்பு. இழுப்பு இல்லாத நாளிலும் அந்த வீக்கம் இருக்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். ஐதராபாத்தில் வருஷா வருஷம் ஜூன் மாதம் உயிருள்ள விரால் மீனில் மருந்து வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள். அதனால் குணமாகும் என்பதற்கு அறிவியல் நிரூபணம் எதுவும் இல்லை. சர்க்கரை, பிரஷர் மாதிரி இதையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு வயல் வேலை, வீட்டு வேலை எல்லாம் பார்க்கலாம்.

பம்பு (இன்ஹேலர்) இரண்டு வகை. ஒன்று பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். இறுகின குழாயை உடனே விரிக்கும், ஆனால் வீக்கத்தைக் குறைக்காது. மற்றது வீக்கத்தைக் குறைக்கும் தடுப்புப் பம்பு. இதை அடித்ததும் ஒன்றும் தெரியாது, தினமும் அடித்தால் சில வாரத்தில் பலன் தெரியும். நம்மவர்கள் நிறுத்துவது இதைத்தான்! நீலப் பம்பை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே 2019ல் சொல்லிவிட்டது. இரண்டு மருந்தும் சேர்ந்த பம்பும் உண்டு. எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

"பம்பு அடிச்சா பழகிப்போயிடும், மாத்திரையே போதும்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. நீலப் பம்பில் ஒரு தடவை அடித்தால் 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையில் 40ல் ஒரு பங்கு. அதுவும் நேராக நெஞ்சுக்குப் போகிறது. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றுவதால்தான் கை நடுக்கமும் படபடப்பும் அதிகம்.

பம்பை வாயில் நேராக அடித்தால் பாதி தொண்டையிலேயே தங்கிவிடும். ஸ்பேசர் என்ற குழலை மாட்டி, ஒரு தடவை அடித்து, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சை அடக்குங்கள். ஸ்பேசர் இல்லையென்றால் 500 மில்லி குளிர்பான பாட்டிலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு இறுக்கமாக ஓட்டை போட்டு, பாட்டில் வாய் வழியாக இழுக்கலாம். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளுக்கு இப்படிச் செய்து பார்த்து, நன்றாக வேலை செய்கிறது என்று 1999ல் வெளியிட்டார்கள். தடுப்புப் பம்பு அடித்தபின் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் வாய்ப்புண் வரும்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று பம்பை ஒளித்து வைப்பதும், மாமியார் வீட்டில் அடிக்கத் தயங்குவதும் நம்ம ஊரில் நடக்கத்தான் செய்கிறது. மாசமாக இருக்கும்போது பயந்து நிறுத்துவது இன்னும் ஆபத்து. தாய்க்கு மூச்சு முட்டினால் பிள்ளைக்கும் காற்று குறையும்.

சீமைக்கருவேல விறகுப் புகை, வத்தல் வறுக்கும் நெடி, மக்காச்சோளம் அடிக்கும் தூசி, போகிப் புகை எல்லாம் இழுப்பைக் கிளப்பும். முகத்தில் துணி கட்டுங்கள், அடுப்பை வெளியே வையுங்கள். பஞ்சு மில்லுக்குப் போகும் பெண்களுக்கு, வார லீவு முடிந்து போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகினால் அது பஞ்சுத் தூசியால் வரும் வேறு நோயாக இருக்கலாம். டாக்டரிடம் மில் வேலை என்பதைச் சொல்லுங்கள்.

மாதக் கூட்டத்தில் இப்படிக் கேட்டுக்கொள்ளலாம். போன நாலு வாரத்தில் பகலில் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இளைத்ததா? ராத்திரி இழுப்பால் எழுந்தீர்களா? நீலப் பம்பு வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? வேலை தடைப்பட்டதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் நோய் முழுக் கட்டுக்குள் இல்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ, பம்பு அடித்தும் அடங்காவிட்டாலோ உடனே 108க்கு போன் போடுங்கள். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். நீலப் பம்பை ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நாலு தடவை கொடுத்து, நாலு நிமிஷம் பார்த்து, தேறாவிட்டால் வண்டி வரும் வரை அப்படியே திரும்பக் கொடுங்கள். பம்பையும் ஆஸ்பத்திரி சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.